புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் திணறுவது ஏன்?

கேமின் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு கைகளைக் கடந்து திரைக்கு வருகிறது. பாத்திரங்களின் அசைவையும் மோதல்களையும் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று பிராசசர் சொல்கிறது. கிராபிக்ஸ் கார்டு வரைகிறது. இரண்டில் எது மெதுவோ, கேமும் அந்த வேகத்தில்தான் ஓடும். கார்டை மட்டும் மாற்றினால் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை, சில சமயம் உயராமல் போவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர் கேபிள். அது மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகப்பட்டிருந்தால், பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதியே கேமை வரைந்துகொண்டிருக்கக்கூடும். கேபிளைக் கார்டிலேயே செருக வேண்டும். அடுத்தது டிரைவர். பழைய கார்டின் டிரைவர் எச்சங்கள் புதியதோடு முட்டிக்கொள்வதுண்டு. குறிப்பாக என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கோ மாறியவர்கள் பழையதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவது நல்லது. எஃப்பிஎஸ் சரியாக 60-இல் நின்றால் பழுது என்று எண்ண வேண்டியதில்லை. எஃப்பிஎஸ்-ஐ மானிட்டரின் வேகத்தோடு பிணைக்கும் வி-சிங்க் இயங்கிக்கொண்டிருக்கலாம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60 ஹெர்ட்ஸாகவே அமைந்திருக்கலாம்.

இவை சரியாக இருந்தால், கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கார்டின் பயன்பாட்டு விழுக்காட்டைக் கவனிக்க வேண்டும். எஃப்பிஎஸ்-க்கு வரம்பு எதுவும் வைக்காத நிலையில் அது 95-க்கு மேல் இருந்தால் கார்டு ஓய்வின்றி உழைக்கிறது. 50, 60 என்று கிடந்தால், அதற்கு வேலை வந்து சேரவில்லை. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தால் இது உறுதிப்படும்: அப்போதும் எஃப்பிஎஸ் ஏறாவிட்டால் தடை பிராசசரிலோ ரேமிலோ இருக்கிறது. பிராசசரின் மொத்தப் பயன்பாடு 40 விழுக்காடு என்று காட்டுவதை நம்பி ஏமாறக் கூடாது; ஒரே ஒரு கோர் முழுச்சுமையில் திணறினாலும் கேம் தடுமாறும்.

ரேமைச் சரிசெய்வது எளிது. 3200 வேகம் என்று விற்கப்படும் பல டிடிஆர்4 ரேம்கள், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்கும்வரை 2133 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடும். 16 ஜிபி ஒற்றை ரேமுக்குப் பதிலாக 8 ஜிபி இரண்டு, உரிய ஸ்லாட்டுகளில் இருந்தால் தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகும்.

கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிராசசருக்கு அருகிலுள்ள நீண்ட ஸ்லாட்டில்தான் பெரும்பாலும் கார்டுக்கான 16 பிசிஐஇ தரவுப் பாதைகளும் கிடைக்கும். ஏஎம்டி 2022-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் பல கேம்களில் தெளிவாகவே பின்தங்குகிறது. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு, பயாஸில் ரீசைசபிள் பார் வசதியை இயக்குவது அவசியம்.

மின்சாரக் கணக்கும் உண்டு. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 8 பின் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட். மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் தாங்காவிட்டால் வேகம் குறைவதைவிட, கேமின் நடுவே கணினி அணைந்துபோவதே அதிகம். விளையாட விளையாட எஃப்பிஎஸ் சரிந்தால் காரணம் வெப்பமாக இருக்கலாம்: சூடு எல்லையைத் தொட்டதும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினெட்டில் காற்று வந்துபோக வழி செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்து பிராசசர்தான் தடை என்றால், அதை மாற்றும்வரை ரெசல்யூஷனையும் காட்சித் தரத்தையும் உயர்த்தி விளையாடலாம். எஃப்பிஎஸ் பெரிதாகக் குறையாது. சும்மா கிடக்கும் கார்டின் திறன் தெளிவான படமாக மாறும்.