‘அந்த புக் இப்போ இருக்கா?’ - நூலகத்துக்குப் போகும் முன்பே மொபைலில் தெரிந்துகொள்வது எப்படி?

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்துக்கு எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவு விற்றது, சராசரி விலை என்ன? நறுமணப் பொருட்கள் வாரியத்தின் இணையதளத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். விலை கேட்க யாரும் மலையில் இருந்து இறங்கி வர வேண்டியதில்லை. ஆனால், அதே தோட்டத்தில் இருந்துகொண்டு போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஒரு புத்தகத்துக்காகப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தால், “அதை வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரே” என்ற பதில் கிடைக்கலாம். பஸ் காசும் போச்சு, ஒருநாள் கூலியும் போச்சு.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. அதன் பெயர் வெப் சர்வீஸ்.

‘இருக்கு’ என்றால் என்ன?

கணினிமயமான நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு இரண்டு வகைப் பதிவுகள் உண்டு. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் எண் ஆகியவை முதல் வகை. இவை மாறாது. இரண்டாவது, ஒவ்வொரு பிரதிக்குமான பதிவு. பார்கோடு, அடுக்கு, இரவலில் போயிருக்கிறதா, எப்போது திரும்பும் என்ற விவரங்கள் இதில் இருக்கும். இது தினமும் மாறும்.

காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘இண்ட்கேட்’ தளத்தில் தேடினால், ஒரு நூல் எந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ளது எனப் பார்க்கலாம். அது முதல் வகைத் தகவல். பஸ் ஏறும் முன் நமக்கு வேண்டியது இரண்டாவது.

வெப் சர்வீஸ் என்ன செய்கிறது?

இணையப் பக்கம் மனிதர்கள் படிப்பதற்கு. வெப் சர்வீஸ் ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேள்வி கேட்பதற்கு. மொபைல் ஆப் புத்தகத்தின் பதிவு எண்ணை அனுப்பும். நூலக மென்பொருள் பிரதிகளின் நிலையைப் பார்த்து ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று பதில் தரும்.

இந்த வசதி இல்லாவிட்டால், ஆப் தயாரிப்பவர் நூலக இணையப் பக்கத்தில் இருந்து எழுத்துகளைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தின் வடிவமைப்பு மாறினால் ஆப் படுத்துவிடும். இதற்குத் தீர்வாக, அமெரிக்காவின் டிஜிட்டல் லைப்ரரி ஃபெடரேஷன் 2008-ல் ஒரு பொதுப் பரிந்துரையை வெளியிட்டது. அதன் சுருக்கப் பெயர் ஐஎல்எஸ்-டிஐ.

இந்திய நூலகங்கள் பலவும் பயன்படுத்தும் ‘கோஹா’ என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி உண்டு. 2000-ல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் பயன்பாட்டுக்கு வந்தது கோஹா. மாவோரி மொழியில் அதற்கு ‘அன்பளிப்பு’ என்று பொருள்.

எங்கே சிக்கல்?

* கோஹாவில் இந்த வசதியை நூலக நிர்வாகிதான் ‘ஆன்’ செய்ய வேண்டும்.
* இரவல் கொடுக்கும்போது பார்கோடை ஸ்கேன் செய்யாமல் நோட்டில் எழுதினால், கணினி தப்பாகத்தான் சொல்லும்.
* அடுக்கு மாறி வைக்கப்பட்ட புத்தகமும் கணினியில் ‘இருக்கிறது’ என்றே காட்டும்.
* ‘இருக்கிறது’ என்பது முன்பதிவு அல்ல. நீங்கள் வந்து சேர்வதற்குள் இன்னொருவர் எடுத்துவிடலாம். முன்பதிவு தனி வசதி.
* புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பது வெளியே போகக் கூடாது. திரும்பும் தேதி மட்டும் போதும்.

நாம் என்ன கேட்கலாம்?

உங்கள் கல்லூரி அல்லது ஊர் நூலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நூல் பட்டியல் ஆன்லைனில் இருக்கிறதா? அதில் ஒவ்வொரு பிரதியின் நிலையும் தெரிகிறதா? மற்ற ஆப்கள் கேட்டால் பதில் கிடைக்குமா? முதல் இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால், மூன்றாவதற்குப் பெரிய செலவு இருக்காது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. மலைப்பாதையில் வந்து வெறுங்கையோடு திரும்புபவருக்கு அது ஒரு முழு நாள்.