மாடி ஷெட் காற்றில் பறக்காமல் இருக்க எத்தனை ஸ்க்ரூ வேண்டும்?

சத்துவாச்சாரியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் மொட்டை மாடியைக் காய்ச்சும். ராத்திரி முழுக்க அந்தச் சூடு படுக்கையறைக்குள் இறங்கும். அதனால்தான் இங்கே எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் மாடிகளில் ஷெட். இரும்பு பைப்பில் கால், மேலே நீலத்திலோ பச்சையிலோ கூலிங் ஷீட். துணி காயப் போட, பிள்ளைகள் படிக்க, விருந்தாளி வந்தால் பாய் விரிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

அதே மே மாதத்தில்தான் கோடை மழையும் வரும். மலைப் பக்கம் கறுத்து, பத்து நிமிஷம் பேய்க் காற்று அடித்துவிட்டுத்தான் மழை இறங்கும். போன வருஷம் அப்படி ஒரு சாயங்காலம், எதிர்த் தெரு மாடியிலிருந்து ஒரு ஷீட் கழன்று பறந்து வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் விழுந்தது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் போகும் நேரம் அது. மழை வருகிறதே என்று அன்றைக்கு டீச்சர் கொஞ்சம் முன்னதாகவே அனுப்பியிருந்தார். நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் காலையில் எங்கள் மாடி ஷெட்டை ஒழுங்காகப் பார்த்தேன். கட்டி ஆறு வருஷமாகிறது, அதற்குமுன் ஒருநாளும் பார்த்ததில்லை. பாதி ஸ்க்ரூக்களின் தலை துருப்பிடித்திருந்தது. நாலைந்து ஓட்டைகளில் ஸ்க்ரூவே இல்லை. பைப் கால்களைத் தரையில் போல்ட் போட்டுப் பிடிக்கவில்லை. தட்டோட்டின் மேல் வைத்து, சுற்றிலும் நாலு செங்கல் அடுக்கிச் சிமென்ட் பூசியிருந்தார்கள். அவ்வளவுதான். எங்கள் ஷீட் அன்று பறக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

காற்று ஷீட்டை அழுத்தும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் கூரையின் மேல் வேகமாகப் பாயும் காற்று அதை மேலே உறிஞ்சித் தூக்குகிறது. மூன்று பக்கம் மறைத்து ஒரு பக்கம் திறந்த ஷெட் என்றால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். கணக்கைப் பாருங்கள். பத்தடி நீளம், மூன்றரை அடி அகல இரும்பு ஷீட் ஒன்றின் எடை சுமார் 15 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் அதைத் தூக்கும் விசை ஏறத்தாழ 55 கிலோ. காற்று 120 கிலோமீட்டர் ஆனால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். அதாவது சுமார் 220 கிலோ. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இதைவிட அதிகம். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ இருக்கும், தன் எடையிலேயே அசையாமல் கிடக்கும். ஷீட்டுக்கு அந்த வசதி இல்லை. அதைப் பிடித்துவைப்பது ஸ்க்ரூவும் போல்ட்டும் மட்டும்தான்.

மேலே நாலு செங்கல், பழைய டயர், மணல் மூட்டை வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஷீட் கிளம்பினால் அந்தச் செங்கலும் கூடவே தெருவுக்கு வரும். (காலியான பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் இப்படித்தான். புயல் அறிவிப்பு வந்தால் முதல் வேலையாகத் தொட்டியை நிரப்பிவிடுங்கள்.)

சரிசெய்ய வந்த வெல்டர் தம்பி, ஆம்பூர் பக்கம் டேனரி ஷெட்களில் வேலை பார்த்தவர். "அக்கா, ஷீட்டு எத்தினி எம்.எம்.னு எல்லாரும் கேப்பாங்க. கீழ எத்தினி போல்ட்டு போடுறேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். நானும் ஆறு வருஷத்துக்கு முன் கேட்கவில்லை. கலர்தான் கேட்டேன்.

அவர் முதலில் கை வைத்தது கால்களில். நம் மாடிகளில் தட்டோடு, அதன் கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கித் தளம், அதற்கும் கீழேதான் கான்கிரீட். தட்டோட்டில் ஓட்டை போட்டு இறக்கிய போல்ட் சுருக்கியோடு நின்றுவிட்டால் அது எதையும் பிடிக்காது. ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும், அதுவும் கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து. மேல் மாடி கட்டலாம் என்று பில்லர் கம்பி விட்டிருந்தால் இன்னும் நல்லது, கால்களை அந்தக் கம்பியோடு சேர்த்தே கட்டிவிடலாம். போல்ட் இறக்கிய இடத்தைச் சுற்றி நீர் கசியாமல் பூசச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூரையைக் காப்பாற்றி, கீழே சீலிங்கை இழப்போம்.

பிறகு கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல இரண்டு பக்கமும் பைப் வைத்தார். ஷெட் பக்கவாட்டில் சாயாமல் இருக்க அது. ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்புகள் நான்கு அடிக்கு ஒன்று. சுவருக்கு வெளியே இரண்டரை அடி நீட்டியிருந்ததை ஒன்றரை அடியாக வெட்டச் சொன்னபோது அத்தைக்குக் கோபம். "சாரல் அடிக்குமே!" சாரல் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் காற்று முதலில் கை வைப்பது அந்த நீட்டத்தில்தான்.

கடைசியாக ஸ்க்ரூ. நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு, நான்கு ஓரங்களிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் வாஷர். அதை நசுங்கும்வரை முறுக்கினாலும் தப்பு, தளர்வாக விட்டாலும் தப்பு.

தளர்ந்தால் என்ன ஆகும் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு நகரமே பாடம் படித்தது. 1974 கிறிஸ்துமஸ் விடியற்காலையில் 'டிரேசி' புயல் டார்வின் நகரைத் தாக்கியது. வீடுகளில் பெரும்பாலானவை நாசமாயின. பிறகு பொறியாளர்கள் ஆராய்ந்தபோது, ஒரே அடியில் பிய்த்துக்கொண்டு போகாத ஷீட்களும் இருந்தன. மணிக்கணக்கில் படபடவென்று மேலும் கீழும் ஆடியதில், ஸ்க்ரூவைச் சுற்றித் தகடு விரிசல் விட்டிருந்தது. ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்போமே, அது மாதிரி. ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே இருக்க, ஷீட் மட்டும் போய்விட்டது. அதன்பின் அங்கே கட்டட விதிகளையே மாற்றினார்கள். காற்றடிக்கும்போது உங்கள் மாடி ஷெட் தடதடவென்று சத்தம் போடுகிறதா? இதுதான் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

"இதெல்லாம் கடலோரக்காரங்களுக்கு" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பாதி உண்மை. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர், பெங்களூருக்கு 119. நாம் இருப்பது அந்த இரண்டு ஊருக்கும் நடுவில். 2020 நவம்பரில் மரக்காணம் அருகே கரை கடந்த 'நிவர்' வட மாவட்டங்களின் உட்பகுதி வழியாகத்தான் போனது. புயலே வராவிட்டாலும் வருஷா வருஷம் கோடைக் காற்று வருகிறது. மேலே சொன்ன கணக்கில் 60 கிலோமீட்டரே போதும்.

வீட்டுக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது வளையாது, உடையும். அதன் மேல் ஏறி நடந்தவர்கள் உள்ளே விழுவது சர்வசாதாரணம். பழசானதை நீங்களாகவே துளைபோடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். புதிதாகப் போடுவதாக இருந்தால் ஒருபக்கச் சரிவு, இருபக்கச் சரிவைவிட நான்கு பக்கமும் சரிந்த கூரை காற்றுக்கு நன்றாகத் தாங்கும். சரிவு 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் புயல் அன்று ஷீட் கூரையின் கீழ் படுக்க வேண்டாம், கான்கிரீட் தளம் உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். ஷீட்டைப் பிடிக்கிறேன் என்று காற்றில் மாடிக்கு ஓடவே ஓடாதீர்கள்.

எங்களுக்கு இந்த வேலை இரண்டு நாளில் முடிந்தது. செலவு, புதிதாக இரண்டு ஷீட் வாங்கும் காசுக்குள். இப்போது சித்திரை பிறந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஏணி போட்டு ஸ்க்ரூக்களைப் பார்க்கிறோம், துருப்பிடித்ததை மாற்றுகிறோம். ஷீட் பறிகொடுத்த எதிர்த் தெரு அண்ணன் போன மாதம் புது ஷெட் போட்டார். எஸ்டிமேட் பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஷீட்டின் கம்பெனி, கனம், நிறம் எல்லாம் அதில் இருந்தது. போல்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேனாவை எடுத்து, ஒரு காலுக்கு நான்கு ஆங்கர் போல்ட் என்று நானே கீழே எழுதிக் கொடுத்தேன்.