கயாக்கில் போகிறவருக்கு எந்தக் கத்தி?

கயாக் ஓட்டக் கத்தி எதற்கு? கயிற்றை அறுக்கத்தான். படகு கவிழ்ந்து தண்ணீரில் கிடக்கும்போது இழுவைக் கயிறோ கிழிந்து மிதக்கும் மீன்வலையோ காலைச் சுற்றிக்கொள்ளலாம். ஓடும் ஆற்றில் நிலைமை இன்னும் மோசம். கயிற்றின் ஒரு முனை பாறையில் மாட்டி, மறுமுனை உங்கள் உடம்பில் சிக்கியிருந்தால், நீரின் வேகம் உங்களை அமுக்கிக்கொண்டே இருக்கும். இறுகிய முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியாது.

அப்படியானால் எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். முட்டுக்காடு போன்ற அமைதியான நீரில், வழிகாட்டியோடு வாடகைக் கயாக்கில் கொஞ்ச நேரம் சுற்றிவர லைஃப் ஜாக்கெட் போதும். ரிஷிகேஷ் கங்கையில் பாறைகளுக்கு நடுவே இறங்குகிறீர்களா? மன்னார் வளைகுடாவில் வலைகளைத் தாண்டிப் போகிறீர்களா? அப்போது கத்தி கட்டாயம். படகில் கயிறு இருந்தால் கத்தியும் இருக்க வேண்டும். கனூவுக்கும் இதே கணக்குதான்.

முனை எப்படி இருக்க வேண்டும்? மழுங்கலாக. அலைக்கழியும் நீரில், பதற்றத்தில் திமிறும் ஒருவருக்குப் பக்கத்தில் கத்தியை உருவப் போகிறீர்கள். கூர்முனை அவரையோ உங்களையோ குத்திவிடும். காற்றடைத்த படகாக இருந்தால் அதையும் கிழித்துவிடும்.

விளிம்பு? நெல்லறுக்கும் அரிவாளில் இருப்பதுபோலப் பல்பல்லான கருக்கு பாதியாவது இருக்கட்டும். மீட்புக்கு வீசும் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் (நீரில் மிதக்கும் ஒருவகை பிளாஸ்டிக் இழை). நனைந்த இழையில் வழவழப்பான விளிம்பு வழுக்கும், பல் கடித்துப் பிடிக்கும். மெல்லிய வலையை அறுக்க மீதிப் பாதி உதவும். அலகு 7, 8 செ.மீ. நீளம் இருந்தால் தாராளம்.

மடக்குக் கத்தி வாங்கலாமா? என் யோசனை, வேண்டாம். விறைத்த விரல்களால், ஒரு கையால், அதைத் திறப்பது கடினம். மடிப்பில் மணல் புகுந்தால் திறக்கவே திறக்காது.

பலரும் அலகைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் உறையைப் பார்க்கச் சொல்வேன். அலை அடித்தாலும், தலைகீழாகக் கவிழ்ந்தாலும் கத்தி விழக் கூடாது. நீங்கள் இழுத்தால் உடனே வர வேண்டும். கடையிலேயே உறையைக் கவிழ்த்து உதறுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முதலில் வலக்கையால், அடுத்து இடக்கையால் உருவிப் பாருங்கள். இரண்டில் ஒரு கை தடுமாறினாலும் அந்தக் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள். எந்தக் கை சிக்கிக்கொள்ளும் என்று முன்கூட்டித் தெரியாதல்லவா?

உலோகம்? ஆற்றுக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். கடலுக்கு எச்1 என்ற எஃகு நல்லது. அதில் கரியைக் குறைத்து நைட்ரஜன் சேர்ப்பதால் உப்புநீரிலும் துரு அண்டாது. விலை கூடுதல். டைட்டானியமும் துருப்பிடிக்காது, ஆனால் கூர் சீக்கிரம் போகும்.

எங்கே மாட்டுவது? லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதியில். மீட்புக் கருவிகள் மாட்டவென்றே பல ஜாக்கெட்டுகளில் அங்கே ஒரு பட்டை தைத்திருப்பார்கள். படகில் மாட்டாதீர்கள், கவிழ்ந்ததும் படகு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். காலில் கட்டினால், கால் சிக்கும்போது கை எட்டாது. தொலையாமல் இருக்கட்டும் என்று நீளக் கயிறு கோத்தும் தொங்கவிடாதீர்கள். சிக்குவதற்கு இன்னொரு கயிறு ஆகிவிடும்.

அறுக்கும்போது கவனியுங்கள்: விறைத்து நிற்கும் கயிறு கத்தி பட்டாலே அறுந்து, சுண்டித் தெறிக்கும். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த கயிறு என்றால் ஒரு வளைவாக இழுத்துப் பிடித்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாக அறுங்கள். வீட்டில் பழைய கயிற்றை நனைத்து இரண்டையும் பழகிவிடுங்கள். கயிறும் வலையும் அறுப்பதைத் தவிர வேறெதற்கும் இந்தக் கத்தியை எடுக்காதீர்கள். பழம் நறுக்கவும் அட்டைப்பெட்டி கிழிக்கவும் வேறு கத்தி இருக்கட்டும்.

கடலிலிருந்து வந்ததும் கத்தியையும் உறையையும் தனித்தனியே நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உறைக்குள் தங்கும் மணலும் உப்பும்தான் கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விமானத்தில் போகிறீர்கள் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள், பறித்துக்கொள்வார்கள். உறையோடு சுற்றி, செக்-இன் பெட்டியில் போடுங்கள்.