கான்கிரீட்டை உடைத்தார்கள்... ஆறு திரும்பி வந்தது!

ஓடைக்கு சிமென்ட் போட்டுவிட்டால் வெள்ளம் வடிந்துவிடும். ஆனால், நிலத்தடிக்கு நீர் இறங்காது. மீன், தவளை தங்காது. சிங்கப்பூரின் காலாங் ஆறும் இப்படித்தான் பீஷான் - அங் மோ கியோ பூங்கா ஓரமாக, 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோட்டு கான்கிரீட் வாய்க்காலாகக் கிடந்தது.

2009-ல் அதை உடைக்கத் தொடங்கினார்கள். 2012-ல் அதே இடத்தில், வளைந்து நெளிந்து ஓடும் சுமார் 3 கி.மீ. ஆறு பிறந்தது. கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது பாறைகளும் செடிகளின் வேர்களும்தான். உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்காமல் பூங்காவில் ஒரு குன்று எழுப்பினார்கள்.

வெள்ளம் வந்தால்? ஆறு பூங்காவுக்குள் அகலமாக விரியும். அதற்கு முன்பே அபாய விளக்கும் சைரனும் மக்களை மேட்டுக்கு அனுப்பிவிடும். சில ஆண்டுகளில் நீர்நாய்களே குடும்பத்தோடு குடியேறின!

இந்த வெற்றியின் ரகசியம், ஆறு விரிய பக்கத்திலேயே பூங்கா இருந்ததுதான். கீழ்பென்னாத்தூர் போன்ற நம் பேரூர்களில் அந்த இடத்துக்குப் பெயர் ஓடைப் புறம்போக்கு. அதில் கட்டடம் எழும்பிவிட்டால், பிறகு கான்கிரீட்டை உடைத்தாலும் ஓடை விரிய இடமிருக்காது. மிச்சமிருப்பதை இன்றே அளந்து, கல் நட்டுக் காப்பதுதான் முதல் வேலை!