டூர் டி பிரான்ஸில் 2 ஸ்டேஜ் ஜெயித்தும் கீழே போன அணி: சைக்கிள் லீக் புள்ளிப்பட்டியலில் என்னதான் கணக்கு?

2024 மே 18, பெங்களூரு சின்னசாமி மைதானம். ஆர்சிபி 218 ரன் குவித்துவிட்டது. சிஎஸ்கே ஜெயிக்க 219 வேண்டும். ஆனால் அன்று ராத்திரி தமிழ்நாட்டில் 219 பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எல்லோர் வாயிலும் 201 தான். தோற்றாலும் பரவாயில்லை, 201 எடுத்துவிட்டால் நெட் ரன்ரேட்டில் பிளே ஆஃப் உறுதி. சிஎஸ்கே 191-ல் நின்றது. இரு அணிகளுக்கும் 14 புள்ளிகள்தான், ஆனால் உள்ளே போனது ஆர்சிபி.

சீசன் கடைசியில் மேட்சை விட்டுவிட்டு கால்குலேட்டரைப் பார்க்கிற அந்த நிலைமை கிரிக்கெட்டில் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் இதே கணக்கு 3 வருஷம் ஓடுகிறது. கடைசி மாதங்களில் வீரர்கள் ஜெயிப்பதற்காக ஓட்டுகிறார்களா, எட்டாவது இடத்துக்காக ஓட்டுகிறார்களா என்றே புரியாத அளவுக்குப் போய்விடும்.

நசரத்பேட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், வெளிவட்டச் சாலை வந்து சேரும் இடம் நசரத்பேட்டை. கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், காலேஜ் பஸ் என எந்நேரமும் நெரிசல். அங்கே ரோடு சைக்கிள் வைத்திருக்கும் ஒருவர் நிம்மதியாக 40 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும் என்றால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். இல்லையென்றால் வீட்டிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி ஸ்மார்ட் டிரெய்னரில் மாட்டிவிட்டு, டிவியில் ஸ்விஃப்ட் அல்லது மைவூஷ் செயலியைப் போட்டு மிதிக்கலாம். திரையில் ஏற்றம் வந்தால் பெடல் கனக்கும். இறக்கம் வந்தால் லேசாகும். வியர்வை மட்டும் நிஜம்.

இதிலும் லீக் உண்டு. 'ஸ்விஃப்ட் ரேஸிங் லீக்' 2020-ல் தொடங்கியது. ஒரு ரேஸில் ஓர் அணிக்கு அதிகபட்சம் 6 பேர். வீட்டுக்கு ஒருவராக வெவ்வேறு ஊரில் உட்கார்ந்து மிதிப்பார்கள். முதலில் முடிப்பவருக்கு மட்டும் புள்ளி என்றில்லை. வழியில் வரும் ஏற்றங்கள், ஸ்பிரின்ட் பகுதிகளுக்கும் புள்ளி உண்டு. அதிலும் இரண்டு வகை: அந்தக் கோட்டை முதலில் கடந்தவருக்கு ஒன்று, அந்தப் பகுதியை வேகமாகக் கடந்தவருக்கு ஒன்று. அதனால் 30-வது இடத்தில் முடிக்கும் ஒரு ஸ்பிரின்டர், ஐந்தாவதாக முடித்த சக வீரரைவிட அணிக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கலாம். முதல் தடவை பார்ப்பவர்கள் தலையைச் சொறிவது இந்த இடத்தில்தான்.

மிதிக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் அணியை நடத்துகிறேன் என்பவர்களுக்கு 'புரோ சைக்ளிங் மேனேஜர்' என்ற கணினி விளையாட்டு இருக்கிறது. பிரான்ஸின் சயனைட் நிறுவனம் தயாரிப்பது. வீரரை ஒப்பந்தம் செய்வது, யாரை எந்த ரேஸுக்கு அனுப்புவது, ஸ்பான்ஸர் கொடுக்கும் டார்கெட்டை முடிப்பது எல்லாம் விளையாடுபவர் பொறுப்பு. பெரிய ஸ்டார் ஒருவரை வாங்கிப்போட்டுவிட்டால் போதும் என்று நினைத்து ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்து என்பதை நிஜ அணிகளே நடத்திக் காட்டியிருக்கின்றன.

நிஜ லீக்கில் விதி என்ன?

சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ, 18 அணிகளுக்கு 'வேர்ல்டு டூர்' உரிமம் கொடுக்கிறது. 3 வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு முடிப்பார்கள். 2020-22 ஒரு சுற்று, 2023-25 அடுத்தது, 2026-28 இப்போது ஓடுவது. மூன்று வருஷப் புள்ளிகளையும் கூட்டி, முதல் 18 இடத்துக்குள் இருப்பவர்கள் மேலே. மற்றவர்கள் 'புரோ டீம்' என்ற இரண்டாம் தட்டுக்குப் போக வேண்டும்.

கீழே போனால் என்ன ஆகும்? டூர் டி பிரான்ஸ் உள்ளிட்ட பெரிய ரேஸ்களில் கலந்துகொள்ளும் தானியங்கி உரிமை போய்விடும். இரண்டாம் தட்டில் முன்னணியில் இருக்கும் ஒருசில அணிகளைத் தவிர, மற்றவை நடத்துபவர்கள் கூப்பிட்டால்தான் போக முடியும். சைக்கிள் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது, ஜனங்கள் ரோட்டோரம் நின்று சும்மா பார்த்துவிட்டுப் போவார்கள். ஐபிஎல் மாதிரி டிவி உரிமைப் பணமும் அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. வருமானம் கிட்டத்தட்ட முழுக்க ஸ்பான்ஸர்தான், அணியின் பெயரே ஸ்பான்ஸர் பெயர்தான். ஜூலையில் டூர் டி பிரான்ஸில் தன் பெயர் தெரியாது என்றால் அந்த ஸ்பான்ஸர் எதற்குக் காசு கொடுக்கப் போகிறார்? ஆகவே 18-க்கும் 19-க்கும் நடுவில் இருப்பது மெக்கானிக், மசாஜ் செய்பவர், டிரைவர் என்று ஓர் அணியை நம்பியிருக்கும் அத்தனை பேரின் சம்பளம்.

2022: ஜெயித்தவர்களும் போனார்கள்

இந்த விதி முதல் தடவை கடித்தது 2022 கடைசியில். இஸ்ரேல் பிரீமியர் டெக் அணி அந்த வருஷ டூர் டி பிரான்ஸில் இரண்டு ஸ்டேஜ்களை ஜெயித்தது. சைமன் கிளார்க் ஒன்று, ஹ்யூகோ ஹூல் ஒன்று. சைக்கிள் உலகில் ஒரே ஒரு ஸ்டேஜ் ஜெயித்தாலே வாழ்நாள் சாதனை. இருந்தும் அணி கீழே போனது. கூடவே பெல்ஜியத்தின் பழம்பெரும் லோட்டோ அணியும் போனது.

காரணம், அப்போதிருந்த புள்ளி அட்டவணை. டூர் டி பிரான்ஸில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்தால் 120 புள்ளி. ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில் நடக்கும், உள்ளூர்க்காரர்கள் மட்டும் பார்க்கும் '1.1' தர ஒருநாள் ரேஸை ஜெயித்தால் 125 புள்ளி! கேட்கவே வேடிக்கையாக இருக்கும், ஆனால் விதி அதுதான்.

லோட்டோ இதைப் புரிந்துகொண்டு விளையாடியது. 20 வயது ஆர்னோ டி லீயை அந்த வருஷம் டூருக்கே அனுப்பாமல், சின்னச் சின்ன ஒருநாள் ரேஸ்களுக்கு அனுப்பியது. அவரும் 9 ரேஸ் ஜெயித்துக் கொடுத்தார். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருஷம் விட்ட புள்ளிகளை ஒரே பையன் எப்படி ஈடுகட்டுவார்?

2023-ல் யுசிஐ அட்டவணையைத் திருத்தியது. டூர் ஸ்டேஜுக்கு 210 ஆனது. ஒட்டுமொத்த டூரை ஜெயிப்பவருக்கு 1,000-லிருந்து 1,300. அதைவிடப் பெரிய மாற்றம், ஓர் அணியில் அதிகப் புள்ளி எடுத்த 10 பேரின் கணக்கை மட்டும் எடுத்தவர்கள் இனிமேல் 20 பேரின் கணக்கை எடுப்போம் என்றார்கள். ஸ்டார் ஒருவரை வைத்து ஓட்டும் அணிகளுக்கு இது அடி. பத்தொன்பதாவது ஆளின் புள்ளிக்கும் மதிப்பு வந்துவிட்டது.

இதே 2023-ல் ஜம்போ விஸ்மா அணி ஜிரோ, டூர், வுவெல்டா என மூன்று பெரிய டூர்களையும் ஜெயித்தது. ஒரே வருஷத்தில் ஒரே அணி மூன்றையும் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஆனால் வருஷக் கடைசிப் பட்டியலில் முதலிடம் யுஏஇ அணிக்கு! பெரிய மூன்றையும் விட்டவர்கள், வருஷம் முழுக்க எல்லா ஊர் ரேஸிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிட்டார்கள்.

எட்டாவது இடத்துக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?

ஒரு '1.1' ரேஸில் முதல் இடம் 125, இரண்டாவது 85, மூன்றாவது 70, நான்காவது 60, ஐந்தாவது 50. இப்போது ஓர் அணி ஜெயிக்கவே இல்லை, ஆனால் 3, 4, 5 ஆகிய மூன்று இடங்களையும் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 70 + 60 + 50 = 180. ஜெயித்த அணியைவிட 55 அதிகம்.

சைக்கிள் பந்தயத்தின் அடிப்படையே ஒருவருக்காக மற்றவர்கள் காற்றைத் தாங்கிக்கொடுத்து, தண்ணீர் பாட்டில் சுமந்து, கடைசியில் ஒதுங்கிவிடுவது. கேப்டனை 200 மீட்டர் கோடு வரை இழுத்துவந்து விட்டவர் அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக வருவார், அது வழக்கம். பட்டியலில் கீழே இருக்கும் அணியில் அந்த ஆள் மெதுவாக வர முடியாது. எட்டாவது, ஒன்பதாவது இடத்துக்கு அவரும் தலையைக் குனிந்து மிதிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது அசிங்கமாகத் தெரியலாம். அணிக்கோ 30 புள்ளி.

இன்னொரு கூத்தும் உண்டு. '2.1' தரத்தில் பல நாள் நடக்கும் ரேஸில் ஒரு நாள் ஜெயித்தால் 14 புள்ளிதான். அதனால்தான் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஜனவரி கடைசியில் தனித்தனியாக நடக்கும் 5 ஒருநாள் ரேஸ்களுக்கு அவ்வளவு கூட்டம். தீவு ஒன்று, ஹோட்டல் ஒன்று, ஆனால் ஒவ்வொரு நாளும் 125.

2025: மூழ்கியவர்கள் கரையேறிய கதை

கஜகஸ்தானின் அஸ்தானா அணி 2024-ல் ஒரு பந்தயம் கட்டியது. 39 வயது மார்க் கேவென்டிஷை வைத்து டூர் டி பிரான்ஸில் அவருடைய 35-வது ஸ்டேஜ் வெற்றி. எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையை முறியடிக்க வேண்டும். 2024 ஜூலை 3-ல் அது நடந்தது. உலகமே கொண்டாடியது. புள்ளிப்பட்டியலில் அதற்கு 210. அவ்வளவுதான்.

2025 தொடங்கும்போது அஸ்தானா பாதுகாப்பான இடத்திலிருந்து பல ஆயிரம் புள்ளிகள் பின்தங்கி இருந்தது. முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அப்போது எக்ஸ்டிஎஸ் என்ற சீன சைக்கிள் கம்பெனி புது ஸ்பான்ஸராக வந்தது. அணி பெரிய கனவுகளை மூட்டை கட்டிவிட்டு, ஜனவரியிலிருந்தே சின்ன ரேஸ்களைத் தேடித் தேடிப் போனது. ஒரே ரேஸில் இரண்டு, மூன்று பேரை முதல் பத்துக்குள் கொண்டுவருவதுதான் திட்டம். சீசன் முடிவில் அந்த வருஷப் பட்டியலில் முதல் 5 இடங்களுக்குள் வந்து, மூன்று வருஷக் கணக்கிலும் தப்பித்துவிட்டது.

ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும். பிரான்ஸின் கோஃபிடிஸ் கீழே போனது. இன்னொரு பிரெஞ்சு அணியான அர்கேயா, ஸ்பான்ஸர்கள் விலகி, வேறு யாரும் கிடைக்காமல் 2025-டன் மூடப்பட்டது. பெல்ஜியத்தில் லோட்டோவும் இன்டர்மார்ஷேவும் ஒன்றாக இணைந்தன. இரண்டு அணி ஒன்றானால், இடம் இல்லாமல் போகிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? நார்வேயின் யூனோ-எக்ஸ் முதல் தடவை மேல்தட்டுக்கு ஏறியது. 2022-ல் விழுந்த இஸ்ரேல் அணியும் புள்ளிக்கணக்கில் மேலே வந்தது. ஆனால் 2025 வுவெல்டாவில் அந்த அணிக்கு எதிரான போராட்டங்களால் மாட்ரிட் கடைசி ஸ்டேஜே பாதியில் நிறுத்தப்பட, இப்போது பெயரை மாற்றி என்எஸ்என் என ஓடுகிறது.

மெய்நிகர் ரேஸில் ஏமாற்ற முடியாதா?

முடியும், ஏமாற்றியும் இருக்கிறார்கள். திரையில் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் மிதிக்கிறீர்கள் என்பது. எடையைக் குறைத்துப் பதிவு செய்தால் ஏற்றத்தில் பறக்கலாம். 2019-ல் பிரிட்டனின் முதல் மெய்நிகர் தேசிய சாம்பியன் பட்டமே பறிக்கப்பட்டது. விளையாட்டுக்குள் பல மணி நேரம் ஏற்றம் மிதித்தால்தான் கிடைக்கும் வேகமான சைக்கிளை, மிதிக்காமலேயே கணினி புரோகிராமை வைத்து வாங்கியிருந்தார் அந்த வீரர். அதனால் பெரிய போட்டிகளில் எடை போடும் வீடியோவையும் பவர் மீட்டர் தகவலையும் கேட்கிறார்கள்.

அதற்காக இதை வெறும் வீடியோ கேம் என்று தள்ளிவிடவும் முடியாது. யுசிஐ 2020 டிசம்பரில் முதல் மெய்நிகர் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. ஆண்கள் பிரிவில் ஜெயித்த ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில் ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரர். ஆஸ்திரேலியாவின் ஜே வைன், ஸ்விஃப்ட் நடத்திய தேர்வில் ஜெயித்து நிஜ அணியில் ஒப்பந்தம் வாங்கினார். 2022 வுவெல்டாவில் இரண்டு மலை ஸ்டேஜ்களையும் ஜெயித்தார்.

அம்பத்தூருக்கு ஒரு பழைய பங்கு

வேர்ல்டு டூரில் இந்திய அணி இதுவரை இல்லை. 2026 ஜனவரியில் புனேயில் நடந்த கிராண்ட் டூர், யுசிஐ அட்டவணையில் '2.2' தரம். ஒட்டுமொத்தமாக ஜெயிப்பவருக்கு 40 புள்ளி. ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று.

ஆனால் நசரத்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் அம்பத்தூருக்கு இந்த உலகத்தோடு ஒரு சொந்தம் உண்டு. 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியதுதான் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். நம் வீடுகளில் அப்பா, தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதே பிரிட்டிஷ் நிறுவனம் 1960-ல் ராலே சைக்கிள் கம்பெனியை வாங்கியது. 1970-களில் 'டிஐ-ராலே' என்ற பெயரில் ஐரோப்பாவில் தொழில்முறை அணி நடத்தியது. 1980 டூர் டி பிரான்ஸை நெதர்லாந்தின் யோப் சூட்டமெல்க் ஜெயித்தபோது அவர் பனியனில் இருந்த 'டிஐ', அம்பத்தூர் ஃபேக்டரி பெயரில் இருக்கும் அதே 'டிஐ' தான்.

பட்டியலை எங்கே பார்க்கலாம்?

யுசிஐ தளத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் புதுப்பிக்கிறார்கள். அந்த வருஷப் பட்டியல் வேறு, மூன்று வருஷக் கூட்டல் வேறு. கீழே போவது யார் என்று தெரிய இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். 2026 ஜனவரியில் எல்லா அணிகளும் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கின்றன. அடுத்த கணக்கு முடிவது 2028 சீசன் முடிவில்.