படப்பெட்டி மலையேறி வந்த காலம்

மாலை ஐந்து மணி. கொழுந்தை எடை போட்டாகிவிட்டது. பெண்கள் லயத்துக்குத் திரும்புகிறார்கள். நாள் முழுவதும் சரிவில் நின்ற கால்கள். வழக்கமாக மெல்லத்தான் நடக்கும். இன்று ஓட்டமும் நடையுமாகப் போகின்றன. காரணம் என்ன?

இன்று இரவு மைதானத்தில் சினிமா.

இது இன்றைய காட்சி அல்ல. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய காட்சி. சின்னக்கானல், சூரியநெல்லி, தேவிகுளம், மூணாறு பக்கம் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பழைய படம் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முகம் மலரும். முதலில் படத்தின் கதையைச் சொல்ல மாட்டார்கள். அன்று அடித்த குளிரைச் சொல்வார்கள். போர்த்திக்கொண்ட கம்பளியைச் சொல்வார்கள். யார் மடியில் யார் தூங்கினார்கள் என்று சொல்வார்கள். கதை அதற்குப் பிறகுதான் வரும்.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு பொழுதுபோக்குக்கும் தோட்டத்தில் வசதி வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் படம் காட்டினார்கள். கோயில் திருவிழாவிலும் வரி பிரித்துப் படம் போட்டார்கள். இரண்டு கம்பு நடுவார்கள். நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். அதுதான் திரை.

கூட்டம் அதிகமானால் துணிக்குப் பின்னாலும் போய் உட்காருவார்கள். அங்கேயும் படம் தெரியும். ஆனால் இடம் வலமாகத் தெரியும். கதாநாயகன் இடது கையால் கத்தி வீசுவான். படத்தின் பெயர் கண்ணாடியில் பார்த்த எழுத்தைப் போலத் திரும்பி நிற்கும். எழுத்துத் தெரியாதவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. முன்னால் உட்கார்ந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

படம் எப்படி ஓடியது?

இருட்டில் ஒரு கொள்ளிக்கட்டையை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். நெருப்பு வட்டம் தெரியும். உண்மையில் அங்கே வட்டம் இல்லை. ஒரே ஒரு நெருப்புப் புள்ளிதான் இடம் மாறுகிறது. அது அவ்வளவு வேகமாக மாறுவதால் நம் கண் வட்டம் என்று எடுத்துக்கொள்கிறது.

சினிமாவும் இப்படித்தான். பிலிம் சுருளில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் அசையாத படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சிறு வித்தியாசம்தான். இயந்திரம் ஒரு நொடியில் 24 படங்களைத் திரையில் காட்டும். கண் ஏமாந்து போகும். சிவாஜி நடப்பார். பத்மினி ஆடுவார்.

ஒரு நொடிக்கு 24 என்றால் மூன்று மணி நேரப் படத்துக்கு எவ்வளவு பிலிம் வேண்டும்? கொட்டகைகளில் ஓடிய பெரிய பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரத்துக்கு 16,200 அடி. அதாவது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்! இதைப் பல சுருள்களாகப் பிரித்து, தகரப் பெட்டியில் அடைத்து பஸ்ஸில் அனுப்புவார்கள். அதற்குப் பெயர் படப்பெட்டி. “பெட்டி வந்தாச்சா?” என்பதுதான் அன்று எல்லோரும் கேட்ட கேள்வி. பெட்டி வராவிட்டால் படம் இல்லை. தோட்டங்களில் காட்டியது பெரும்பாலும் சின்ன பிலிம். அதன் அகலம் 16 மில்லிமீட்டர். பெரிய பிலிமில் பாதிகூட இல்லை. இயந்திரமும் சின்னது. ஜீப்பில் ஏற்றிவிடலாம்.

இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு சுருள் முடிந்ததும் நிறுத்தி, அடுத்த சுருளை மாட்ட வேண்டும். ஆகவே ஒரே படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. சண்டை பாதியில் நிற்கும். கூட்டம் சீழ்க்கை அடிக்கும். அதற்குள் ஒரு கடுங்காப்பி குடித்துவிட்டு வரலாம்.

இப்படி ஊர் ஊராகப் படம் காட்டுவதைத் தென்னிந்தியாவில் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தார். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். அப்போது படம் பேசாது. 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். அவருக்குப் பின்னால் எத்தனையோ டூரிங் டாக்கீஸ்கள் வந்தன. தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது எல்லாம் அந்தக் காலத்துக் கதை.

ஏன் அவ்வளவு ஆசை?

1956 நவம்பர் முதல் தேதி கேரளம் என்ற மாநிலம் உண்டானது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் அதில் சேர்ந்தன. அலுவலகத்தில் மலையாளம் வந்தது. லயத்தில் தமிழ் இருந்தது. போடிமெட்டு வளைவுகளில் ஏறி வந்த படப்பெட்டி, கீழ்நாட்டுத் தமிழையும் ஏற்றிக்கொண்டு வந்தது.

‘பராசக்தி’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1952 தீபாவளிக்கு வந்தது. சிவாஜி கணேசனுக்கு அதுதான் முதல் படம். வசனம் மு. கருணாநிதி. பலருக்கு அதன் நீதிமன்றக் காட்சி மனப்பாடம். கதை என்ன? பிழைப்பதற்காக பர்மாவுக்குப் போன அண்ணன்மார். மதுரையில் தனியே நிற்கும் தங்கை. போர் வருகிறது. குடும்பம் சிதறுகிறது. பஞ்சம் பிழைக்க மலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எம்.ஜி.ஆர். வழி வேறு. ‘தொழிலாளி’, ‘விவசாயி’, ‘படகோட்டி’, ‘ரிக்‌ஷாக்காரன்’. பெயரைப் பார்த்தாலே போதும். உழைக்கிறவன் அங்கே கதாநாயகன். அவன் அடி வாங்கினால் திரும்ப அடிப்பான். காலை முழுவதும் திட்டு வாங்கியவருக்கு இரவில் அதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி.

பாட்டு மட்டும் கீழேயிருந்து மேலே வரவில்லை. சில சமயம் பாடுகிறவர்களே வந்தார்கள். 1958-ல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறி வந்து கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். அவருடைய தம்பியும் கூட வந்து பாடினார். சின்னப் பையன். 1976-ல் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசை அமைத்தார். அவர்தான் இளையராஜா.

திரும்பப் பார்த்தால்

இன்று அந்தப் படங்கள் கைப்பேசியில் வருகின்றன. பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு படத்தை முப்பது வருடம் கழித்துப் பார்த்தால், அது பழைய படமாக இருக்காது. படம் மாறவில்லை. பார்க்கிறவர் மாறிவிட்டார்.

‘பாசமலர்’ 1961-ல் வந்தது. இயக்கியவர் பீம்சிங். அண்ணன் சிவாஜி, தங்கை சாவித்திரி. அழாமல் அந்தப் படத்தைப் பார்த்தவர் குறைவு. அண்ணன் தங்கைப் பாசம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஒரு தொழிற்சாலையும் இருக்கிறது. வேலை நிறுத்தமும் இருக்கிறது. அண்ணன்தான் முதலாளி. ஒரு காலத்தில் கூலி வேலை செய்தவன். தொழிலாளர் பக்கம் நின்று பேசுகிறவர் ஜெமினி கணேசன். அழுகையில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் திரண்டார்கள். போனஸ் குறைந்ததை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒன்பது நாள் போராட்டம். 20 சதவீதம் என்ற கோரிக்கையை வென்றார்கள். அந்த ரோட்டில் உட்கார்ந்த ஒரு பெண் இன்று ‘பாசமலர்’ பார்த்தால், அழுகைக்கு நடுவே அந்தத் தொழிற்சாலையும் கண்ணில் படும். கூலியாக இருந்தவன் முதலாளி ஆனதும் கூலிக்காரனை ஏன் மறந்தான் என்று கேட்கத் தோன்றும்.

இன்னொன்றும் படும். அந்தக் காலப் படங்களில் தேயிலைத் தோட்டம் பெரும்பாலும் பாட்டுக்குத்தான் வந்தது. கதாநாயகியும் கதாநாயகனும் பச்சைச் சரிவில் ஓடுவார்கள். அட்டைக்கடி இருக்காது. மழை இருக்காது. கொழுந்து எடுக்கிறவர்கள் தூரத்தில் புள்ளியாக நிற்பார்கள். அன்று இது யாருக்கும் உறுத்தவில்லை. நம் மலையைத் திரையில் பார்க்கிறோமே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

அந்தப் புள்ளிகள் கிட்டத்தில் வர வெகுகாலம் ஆயிற்று. 2013-ல் பாலா ‘பரதேசி’ எடுத்தார். பி. எச். டேனியல் என்ற டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை ஒட்டிய படம் அது. வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்தவர் அவர். தமிழில் அந்த நாவலின் பெயர் ‘எரியும் பனிக்காடு’. 2018-ல் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தது. தேனிப் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மலைப் பாதையில் நடந்தே ஏறும் மனிதர்களின் கதை. சுமை தூக்கும் ஒருவனுக்குச் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க ஆசை. அவ்வளவுதான் கதை. சின்னக்கானல் மக்களுக்கு அந்தப் பாதை பழக்கமானதாக இருக்கும்.

காணாமல் போன படங்கள்

பழைய படம் எல்லாம் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை.

தமிழ் பேசிய முதல் படம் ‘காளிதாஸ்’. 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. அதன் பிரதி இன்று கிடையாது. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் சென்னையில் ‘கீசக வதம்’ என்ற பேசாப் படம் எடுத்தார். அதுவும் போய்விட்டது. அந்தக் காலத்து பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். சூட்டில் வைத்தால் கெட்டுப்போகும். பிலிமில் வெள்ளி கலந்திருக்கும். ஓடி முடிந்த படத்தை வெள்ளிக்காகவே விற்றவர்கள் உண்டு. பழைய பாத்திரத்தை ஈயத்துக்குப் போடுவதுபோல! படங்களைக் காக்கும் தேசிய ஆவணக் காப்பகம் புனேயில் 1964-ல்தான் வந்தது. அதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. கறையான் பாதி, நெருப்பு பாதி.

ஒரு படம் தப்பிய கதை வேடிக்கையானது. ‘மார்த்தாண்ட வர்மா’ என்று ஒரு பேசாப் படம். சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை வைத்து எடுத்தது. நாவலை அச்சிடும் உரிமை திருவனந்தபுரத்தில் ஒரு புத்தக நிலையத்திடம் இருந்தது. எங்களைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். படத்துக்குத் தடை வந்தது. பெட்டி அந்தப் புத்தக நிலையத்திலேயே கிடந்தது. 1974-ல் புனே காப்பகத்துக்குப் போனது. ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. ஓடாத படம் பிழைத்தது.

பிலிம் பிழைத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து புதுசாக்கலாம். 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்தை அப்படிச் செய்தார்கள். கீறல்களை நீக்கினார்கள். ஒலியைச் சீராக்கினார்கள். 2012 மார்ச்சில் மறுபடி வெளியிட்டார்கள். நூறு நாளுக்கு மேல் ஓடியது. தாத்தாவும் பேரனும் ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள்.

பிலிமே இல்லாத படத்தை என்ன செய்வது? ‘காளிதாஸ்’ போன்ற படங்களைப் பற்றி இன்று நமக்கு எப்படித் தெரிகிறது?

பத்திரிகைச் செய்திகள் உதவுகின்றன. பாட்டுப் புத்தகமும் உதவுகிறது.

கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சில காசுதான் விலை. சாணித் தாள் போன்ற மட்டமான காகிதம். அதில் நடிகர் பெயர் இருக்கும். பாட்டு எல்லாம் இருக்கும். எழுதியவர், பாடியவர் பெயரும் இருக்கும். படம் அழிந்த பிறகும் பல ஊர்களில் டிரங்குப் பெட்டிக்குள் இந்தத் தாள்கள் கிடந்தன. பழைய சினிமாவைப் பற்றி ஆராய்கிறவர்கள் இவற்றைத்தான் தேடி அலைகிறார்கள். ஐந்து கிலோமீட்டர் பிலிம் போய்விட்டது. பத்துப் பக்கக் காகிதம் நின்றுவிட்டது.

லயத்திலும் இந்தப் புத்தகங்கள் இருந்தன. வாங்கியவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. படித்த பையன் யாராவது வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டு முதலிலேயே காதில் ஏறியிருக்கும். அடுத்த வரி இதுதான் என்று தெரியும். அதனால் எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பாடுவார்கள். பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களும் உண்டு.

உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் அப்படி ஒன்று கிடக்கலாம். இருந்தால் அதைப் பழைய தாள் கடைக்குப் போடாதீர்கள். எடுத்து வாசியுங்கள். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதை விறுவிறு என்று போகும். கதாநாயகி ஆபத்தில் இருக்கும்போது சட்டென்று நின்றுவிடும். அதற்குக் கீழே ஒரு வரி இருக்கும்: மீதியை வெள்ளித்திரையில் காண்க.