கறைக்கும் ஒரு காரணம் உண்டு

பழங்காநத்தத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு ரயில் சத்தம் புதிதல்ல. மதுரைச் சந்திப்பிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் பாதை ஊரை ஒட்டியே போகிறது. பாடம் நடக்கும்போது ரயில் கடந்தால் மாணவர்களின் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். அந்தக் கவனத்தையே பாடமாக்கிப் பார்ப்போமே என்று ஏழாம் வகுப்பில் அட்டையில் ரயில் பெட்டி செய்யத் தொடங்கினோம்.

முதல் பெட்டி முடிந்ததும் ஒரு குழு அதற்குப் "பழைய தோற்றம்" கொடுத்தது. நீலப் பெட்டி முழுவதும் பழுப்பு வண்ணத்தைத் தெளித்து, துரு என்றார்கள். பார்க்க அழகாக இருந்தது, நானும் பாராட்டினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஜன்னல் ஓரத்துல துரு வரும். நடுச் சுவத்துல எப்படி சார் வரும்? அங்கதான் தண்ணி நிக்காதே?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் எங்கள் செயல்பாட்டையே மாற்றியது.

87ஆல் வகுப்போம்

மாதிரி ரயில் செய்பவர்கள் உலகெங்கும் அதிகம் பயன்படுத்துவது எச்.ஓ. எனப்படும் 1:87 அளவு. உண்மைப் பொருளின் ஒவ்வொரு நீளத்தையும் 87ஆல் வகுக்க வேண்டும். முதலில் மாணவர்கள் தங்கள் உயரத்தையே வகுத்துப் பார்க்கட்டும். 150 செ.மீ. உயரமுள்ள பிள்ளை 17 மி.மீ. பொம்மையாகிவிடும். விகிதம் என்ற சொல் அப்போதே புரிந்துவிடுகிறது.

பிறகு பெட்டிக்கு வருவோம். நாம் பல ஆண்டுகள் பயணம் செய்த நீலப் பெட்டி, 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் வடிவம். அதன் உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ., புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. வகுத்தால் முறையே 245, 37, 10.5 மி.மீ. கிடைக்கும். சட்டைப் பொத்தான் ஏறக்குறைய 11 மி.மீ. இருக்கும். சக்கரம் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

தண்டவாள இடைவெளியில் ஒரு நல்ல சிக்கல் காத்திருக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; வகுத்தால் 19.3 மி.மீ. ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ.தான். ஏன்? அது பல நாடுகளில் உள்ள 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்யப்பட்டது. மதுரை–போடி பாதை 2010 இறுதி வரை மீட்டர் பாதை. அதற்கு 11.5 மி.மீ. வர வேண்டும். அகலப்பாதையாக மாறி, 2023 ஜூனில் போடி வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஊரில் நடந்த இந்த மாற்றத்தை மாணவர்கள் இரண்டு கோடுகளாக வரைந்து ஒப்பிடலாம்.

பெட்டி கட்டும் முறை

பழைய காலண்டர் அட்டை போதும். பக்கச் சுவர் இரண்டு, முனைச் சுவர் இரண்டு, தரை, கூரை ஆகியவற்றை அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல்களை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். பெட்டி வடிவம் வந்த பிறகு வெட்டினால் சுவர் வளையும். கத்தி வேலை ஆசிரியர் கையில் இருக்கட்டும். கூரைக்கான அட்டையை லேசாக ஈரமாக்கி ஒரு குழாயின் மேல் கட்டிக் காயவைத்தால் வளைவு நிற்கும். ஜன்னலுக்குக் கண்ணாடித்தாளை உட்புறமாக ஒட்டலாம்.

அழுக்கைப் படிப்போம்

வண்ணத்தைத் தொடுவதற்கு முன் கவனிக்க வேண்டும். மாணவர்கள் தண்டவாளத்தின் அருகே போகவே கூடாது. பெற்றோருடன் பயணம் செய்யும்போது நடைமேடையிலிருந்து பார்த்தால் போதும். குறிப்பேட்டில் கறை, இடம், காரணம் என்று மூன்று கட்டங்கள் போடச் சொன்னோம். மூன்றாவது கட்டம் நிரம்பாத கறையைப் பெட்டியில் பூசக்கூடாது என்பது எங்கள் விதி.

கட்டங்கள் இப்படி நிரம்பின. ஜன்னல் மூலையிலும் கதவின் அடியிலும் நீர் தேங்குகிறது. வண்ணம் வெடித்த இடத்தில் இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து துரு உண்டாகிறது. மழை அதைக் கரைத்துக் கீழ்நோக்கிக் கோடாக இழுக்கிறது. பெட்டியின் கீழ்ப்பகுதியில் செம்மண் நிறம் அதிகம். சக்கரம் கிளப்பும் புழுதி அந்த உயரத்தில்தான் படிகிறது. சக்கரத் தொகுதி முழுவதும் பழுப்பு. இவ்வகைப் பெட்டியில் பிரேக் கட்டை சக்கரத்தின் மேலேயே அழுந்துவதால், தேய்ந்த இரும்புத் தூள் பறந்து ஒட்டித் துருப்பிடிக்கிறது. கதவோரக் கைப்பிடி மட்டும் பளபளக்கிறது. ஆயிரக்கணக்கான கைகள் பிடித்ததால் அங்கே அழுக்கு நிற்பதில்லை.

ஒரு மாணவன் சிவப்பு நிற எல்.எச்.பி. பெட்டி செய்து, அதிலும் துருக்கோடு போடப் போனான். அதன் உடல் துருப்பிடிக்காத எஃகு. பிரேக்கும் தனித் தட்டில் பிடிப்பது. எனவே அதற்குப் புழுதி மட்டும் போதும். காரணம் மாறினால் கறையும் மாற வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை, வகுப்பே சொன்னது.

அழுக்கைப் பூசுவோம்

விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். செங்கல் பொடி, கரித்தூள், சாக்பீஸ் பொடி, போஸ்டர் வண்ணம், பழைய பல்துலக்கி, பஞ்சு இருந்தால் போதும்.

முதலில் அடிப்படை வண்ணம் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். அடுத்து கரும்பழுப்பு வண்ணத்தை நிறைய நீரில் கரைத்துத் தடவி, உடனே பஞ்சால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். இடுக்குகளில் மட்டும் நிறம் தங்கும். மூன்றாவதாக, ஜன்னல் மூலைகளில் துருப் புள்ளி வைத்து, ஈரத் தூரிகையால் கீழே இழுங்கள். கோடு போகப்போக மங்க வேண்டும். கடைசியில் செங்கல் பொடியையும் சாக்பீஸ் பொடியையும் கலந்து கீழ்ப்பகுதியில் தேயுங்கள். உண்மையிலும் புழுதிதான் கடைசியாக வந்து படிகிறது. ஆகவே வேலையிலும் அதுவே கடைசி. கறுப்பு வேண்டிய இடத்தில் சற்றே சாம்பல் கலந்துகொள்ளுங்கள். சிறிய பொருளில் முழுக் கறுப்பு உறுத்தும்.

விகிதம் எங்கே நிற்கிறது?

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி வைக்கலாம். உண்மைப் பெட்டி சுமார் 37 டன். மாதிரியின் எடை என்ன? பலரும் 87ஆல் வகுத்து 425 கிலோ என்பார்கள்! கனஅளவு மூன்று பக்கமும் சுருங்குகிறது. எனவே 87ஐ மூன்று முறை பெருக்கிய 6,58,503ஆல் வகுக்க வேண்டும். விடை 56 கிராம்தான். ஆனால் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இந்த நீளப் பெட்டிக்குப் பரிந்துரைக்கும் எடை ஏறக்குறைய 165 கிராம். அதைவிட லேசான பெட்டி வளைவில் எளிதாகத் தடம் புரளும். பெட்டியின் தரையில் நாணயங்களை ஒட்டி மாணவர்களே சோதிக்கலாம்.

மதிப்பீடு

ஒரு குழுவின் பெட்டியை இன்னொரு குழுவிடம் கொடுத்தோம். கறையைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல வேண்டும். பிறகு இரு குழுக்களின் குறிப்பேடுகளையும் ஒப்பிட்டோம். மதிப்பெண் அழகுக்கு இல்லை, காரணம் பொருந்துவதற்கே.

பழைய வடிவ நீலப் பெட்டிகள் செய்வது 2018இல் நின்றுவிட்டது. இருப்பவையும் குறைந்து வருகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் நம் மாணவர்கள் செய்த அட்டைப் பெட்டி ஓர் ஆவணமாகக்கூட இருக்கும். அது சரியான ஆவணமாக இருக்க வேண்டும் என்றால், "எப்படி சார் வரும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நம் வகுப்பில் இடம் இருக்க வேண்டும். எங்கள் முதல் பெட்டியை அந்தக் குழு அழித்துவிடவில்லை. நடுச் சுவரில் துருவோடு அது இன்றும் அலமாரியில் நிற்கிறது. புதிய வகுப்பு வந்ததும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டி, "இதில் எது தவறு?" என்று கேட்கிறேன்.